துப்பாக்கியின் பட் கட்டையைத் தோளுக்கேற்ப வளைத்தல்: வீட்டுப் பட்டறைக்கான முழுமையான வழிகாட்டி

ரைபிளுக்கு முன்குறி, பின்குறி என்று இரண்டு உண்டு. ஷாட்கன்னுக்கு முன்னால் ஒரு சிறிய மணி மட்டுமே உண்டு, பின்குறியின் வேலையைச் சுடுபவரின் கண்ணே செய்கிறது. அந்தக் கண்ணை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்துவது கன்னம் படியும் கட்டையின் மேல்விளிம்பு, அதாவது கோம்ப். கோம்ப் தாழ்ந்திருந்தால் கண் குழலின் பின்பக்கத்தைத்தான் பார்க்கும். மணியைத் தேடித் தலையைத் தூக்கினால் கன்னத்துக்கும் கட்டைக்கும் இடையே காற்று போகும். கோம்ப் உயர்ந்திருந்தால் ரவை, அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள், மேலே போகும். கட்டை பக்கவாட்டில் நேராகவே இருந்து சுடுபவரின் முகம் அகலமாக இருந்தால், வலக்கைக்காரருக்கு ரவை இடப்பக்கம் விழும்.

எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். கண்ணுக்கும் மணிக்கும் இடையே ஏறக்குறைய மூன்றடி தூரம் இருக்கிறது. கண் அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் ஏறினால், 16 கெஜத்தில் ரவைக்கூட்டத்தின் நடுப்புள்ளி ஏறக்குறைய ஒரு அங்குலமும் 40 கெஜத்தில் இரண்டரை அங்குலமும் ஏறும். டிராப் போட்டியில் பறக்கும் களிமண் தட்டின் விட்டமே நாலேகால் அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், தச்சர்கள் நூல் கணக்கில் பேசுவதுபோல நாமும் இங்கே நூல் கணக்கில்தான் பேச வேண்டும் என்பது புரியும்.

கட்டையின் கழுத்தை, அதாவது கை பிடிக்கும் ஒல்லியான பகுதியை, சூடேற்றி வளைத்து கோம்ப்பின் இடத்தை மாற்றுவதுதான் இந்த வேலை. வளைப்பதற்கு முன் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமமும் துப்பாக்கியைத் தயாரிக்கவோ மாற்றவோ பழுதுபார்க்கவோ தேவையான உரிமமும் ஒன்றல்ல. பின்னது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் தனியாக வருகிறது. ஆகவே கட்டையைக் கழற்றுவதும் மறுபடி பூட்டுவதும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில்தான் நடக்க வேண்டும். செய்யப்போகும் வேலையை முன்கூட்டியே கடைக்காரரிடம் விளக்கி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, குழலையும், குழலின் பின்னால் வெடிபொறி இருக்கும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனையும் ரசீதுடன் அவரிடமே ஒப்படைத்துவிட்டு, மரக்கட்டையை மட்டும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த வேலையை அவரிடமே கொடுத்துவிடுவதுதான் முறை. அப்போதும் அளவெடுப்பதைப் பற்றிக் கீழே வரும் பகுதி உங்களுக்குப் பயன்படும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கலாம் என்பதால், அந்த மாதங்களில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

எந்தக் கட்டை வளையும், எது வளையாது

வீட்டில் வளைக்கத் தகுந்தது ஒரே வகைதான்: குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் துப்பாக்கியில், பின்பக்கத்து ரப்பர் பேடைக் கழற்றி, உள்ளே போகும் நீண்ட போல்ட்டைத் திருகினால் தனியாக வந்துவிடும் வால்நட் (அக்ரூட்) மரக் கட்டை. பக்கவாட்டுக் குழல் துப்பாக்கிகளிலும், கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பயிர்க்காவலுக்காகத் தலைமுறையாக இருந்துவரும் ஒற்றைக்குழல்களிலும், பெரும்பாலும் மேலும் கீழும் இரும்பு வால்கள் மரக்கழுத்தின் வழியாக ஓடுகின்றன. மரத்தை வளைத்தால் இரும்பையும் அதே அளவு வளைக்க வேண்டியிருக்கும். அது முழுக்க முழுக்கத் துப்பாக்கிக் கம்மியரின் வேலை. ரீகாயில் ஸ்பிரிங் குழாய் கட்டைக்குள் போகும் செமி ஆட்டோமேட்டிக்குகளையும், பிளாஸ்டிக் கட்டைகளையும், ஒட்டுப்பலகைக் கட்டைகளையும் தொடவே வேண்டாம். ஏற்கெனவே கழுத்தில் உடைந்து ஒட்டிய கட்டையும் அப்படியே. பசை சூட்டில் விட்டுவிடும்.

வளைப்பது கடைசி வழி என்பது என் உறுதியான கருத்து. இப்போது வரும் பல துப்பாக்கிகளோடு, கட்டைக்கும் ஆக்‌ஷனுக்கும் இடையே வைக்கும் ஷிம் தகடுகள் பெட்டியிலேயே வருகின்றன. அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வளைக்கச் சூடேற்றும் விளக்கைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேடுக்கு அடியில் வைக்கும் ஸ்பேசர் கட்டையின் நீளத்தைச் சரிசெய்யும், கோம்ப்பில் ஒட்டும் பட்டை உயரத்தைச் சரிசெய்யும். இவை போதாதபோதும், உங்களுக்கு வேண்டிய திருத்தம் ஹீலில், அதாவது தோளில் பொருந்தும் முனையின் மேல்நுனியில், இரண்டு நூலுக்குள் இருக்கும்போதும்தான் வளைக்கும் யோசனையே வர வேண்டும்.

அளவெடுத்தல்

அளவு முழுத் துப்பாக்கியிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்பதால் இதைக் கடைக்குக் கொண்டுபோகும் முன்பே முடித்துவிடுங்கள். துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை உறுதி செய்த பின், தட்டையான கிரானைட் மேடையிலோ நல்ல மேசையிலோ அதைத் தலைகீழாக வையுங்கள். குழலின் மேல்பட்டையான ரிப் மேசையில் படிய வேண்டும், முன்மணி மட்டும் மேசை விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். மணி மேசையில் பட்டால் குழல் தூக்கிக்கொண்டு எல்லா அளவும் பொய்யாகிவிடும். இப்போது மேசையிலிருந்து கோம்ப்பின் முன்முனை வரையிலும், ஹீல் வரையிலும் செங்குத்தாக மூலைமட்டம் வைத்து அளக்க வேண்டும். சந்தையில் வரும் பொதுவான துப்பாக்கிகளில் முதல் அளவு ஒன்றரை அங்குலத்தை ஒட்டியும், இரண்டாவது இரண்டேகாலிலிருந்து இரண்டரை அங்குலம் வரையிலும் இருக்கும். டிராப் துப்பாக்கிகளில் ரவை சற்று மேலே போக வேண்டும் என்பதற்காகவே கட்டையை உயர்த்திச் செய்திருப்பார்கள். பக்கவாட்டுச் சாய்வுக்கு, ரிப்பின் நடுக்கோட்டில் ஒரு மெல்லிய கயிற்றை இழுத்துப் பிடித்து அதை பட் வரை, அதாவது தோளில் பொருந்தும் முனை வரை, நீட்டினால், பட்டின் நடு அந்தக் கயிற்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இவை இப்போதைய அளவுகள். வேண்டிய அளவைக் கண்டுபிடிக்க, பயிற்சி மைதானத்தில் 16 கெஜத்தில் பெரிய காகிதத் திரையை வைத்து, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியிட்டு, நிதானித்துக் குறிவைக்காமல் தோளில் ஏற்றியவுடன் சுட்டுப் பாருங்கள். சில தடவை சுட்ட பின் துளைக்கூட்டம் தன் மையத்தைக் காட்டிவிடும். அது தாழ்ந்திருந்தால், பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையைப் பட்டையாக வெட்டி, கன்னம் படும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் மறுபடி சுட்டுப் பாருங்கள். கூட்டம் வேண்டிய இடத்துக்கு வந்ததும் அந்த அட்டை அடுக்கை வெர்னியரில் அளந்தால், உங்கள் கன்னத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பது கைக்கு வந்துவிடும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கட்டை கழுத்தில் மட்டுமே வளைகிறது. அங்கிருந்து பின்னால் போகப் போக நகர்வு கூடிக்கொண்டே போகும். கழுத்தின் நடுவிலிருந்து கோம்ப்பின் முனை ஏறக்குறைய 8 செ.மீ., கன்னம் படும் இடம் 16 செ.மீ., ஹீல் 32 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஹீல் இரண்டு நூல் ஏறும்போது கன்னம் ஒரு நூலும் கோம்ப் முனை அரை நூலும்தான் ஏறும். ஆகவே அட்டை அடுக்கு 3 மி.மீ. காட்டினால் ஹீலில் 6 மி.மீ. வளைக்க வேண்டும். அதோடு பட்டின் முகச்சாய்வும் ஏறக்குறைய ஒரு பாகை மாறும் என்பதால், பேட் தோளில் படிவதையும் கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அட்டை 5 மி.மீ. காட்டினால் அது ஹீலில் மூன்று நூலைத் தாண்டிவிடும். அந்தக் கட்டையை வளைக்காதீர்கள், கோம்ப்பை அறுத்து உயர்த்தும் ஏற்பாட்டை ஒரு கம்மியரிடம் செய்துகொள்ளுங்கள்.

மரத்தைப் பார்த்தல்

வளையும்போது மரத்தின் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். உடைவது எப்போதும் இழுபடும் பக்கம்தான். ஹீலை உயர்த்தினால் கழுத்தின் அடிப்பக்கமும், தாழ்த்தினால் மேல்பக்கமும், வலப்புறம் சாய்த்தால் இடப்பக்கமும் இழுபடும். அந்தப் பக்கத்தைக் கண்ணாடிவில்லை வைத்துப் பாருங்கள். வால்நட்டின் நுண்துளைகள் சிறு கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகள் கழுத்தின் நீளத்தோடு ஓடினால் நார் நேராக இருக்கிறது என்று பொருள். அவை குறுக்காகச் சாய்ந்து ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பில் முடிந்தால், அங்கே நார் அறுந்திருக்கிறது. எவ்வளவு அழகான சுழிகள் இருந்தாலும் அந்தக் கட்டை வளைக்கத் தகுந்ததல்ல. கட்டையின் தலைப்பக்கத்தில், ஆக்‌ஷன் உட்காரும் மூலைகளில், மயிர் போன்ற வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சந்தேகமான இடத்தில் எரிசாராயம் (ஸ்பிரிட்) தோய்த்த துணியால் துடைத்தால், மேல்பரப்பு உலர்ந்த பிறகும் வெடிப்பு மட்டும் ஈரக்கோடாகச் சிறிது நேரம் நிற்கும்.

முதல் முயற்சியை விலையுள்ள கட்டையில் செய்யக் கூடாது. மரக்கடையில் நேரான நாருள்ள பூவரசுத் துண்டு ஒன்றை வாங்கி, கழுத்தின் பருமனுக்கு இழைத்து, நடுவில் நீளவாக்கில் துளையிட்டு, கீழே சொல்லும் எல்லாவற்றையும் அதில் ஒருமுறை செய்து பாருங்கள். பூவரசு வால்நட் அல்ல, ஆனால் சூடு உள்ளே போக எத்தனை நேரமாகிறது, திருகாணி கையில் எப்படி இறுகுகிறது என்பதை அது கற்றுத்தந்துவிடும்.

தாங்கி

மூன்றடி நீளமுள்ள மூன்று அங்குல சி சேனல் (C வடிவ இரும்புச் சட்டம்) ஒன்றை அடித்தளமாகக் கொள்ளுங்கள். கோவையின் எந்த லேத் பட்டறையிலும் துண்டாகவே கிடைக்கும். அதன் ஒரு முனையில், ஆக்‌ஷனின் பின்முகத்தைப் போலவே இழைத்த கெட்டி மரக்கட்டையை இரண்டு போல்ட்டுகளால் நிலையாகப் பிணைக்க வேண்டும். பட் கட்டையின் தலை அந்தப் போலிமுகத்தில் உட்கார, போல்ட் துளை வழியாக மூல போல்ட்டைவிட மெல்லிய மரைக் கம்பியை விட்டுப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் வளைக்கும் பாரத்தை அந்தக் கம்பியோ தலையின் மெல்லிய சுவர்களோ தாங்கக் கூடாது. கழுத்து தொடங்கும் இடத்தில் மேலும் கீழுமாக, தோல் ஒட்டிய இரண்டு மரத் தாடைகளை வைத்து இறுக்க வேண்டும். பாரம் முழுவதும் அவற்றில் விழ வேண்டும். தாடைக்கு வடிவம் கொடுப்பதில்தான் இந்த ஏற்பாட்டின் நேரம் பாதி செலவாகும், அதைச் சுருக்காதீர்கள்.

பட்டின் அருகே, கழுத்திலிருந்து ஓரடித் தூரத்தில், சேனலில் மரை வெட்டி ஒரு எம்10 திருகாணியை நிறுத்துங்கள்; அதன் நுனியில் ரப்பர் தடுப்பு இருக்கட்டும். இந்தத் திருகாணியின் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்பதால் ஒரு முழுச் சுற்றுக்கு அரை நூல் நகரும், தனியாக அளவுகோலைப் பார்க்காமலேயே சுற்றை எண்ணிக்கொண்டு போகலாம். இருந்தாலும் ஹீலுக்கு எதிரே ஒரு எஃகு அளவுகோலை நிறுத்தி, தொடக்க அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுச் சாய்வும் வேண்டுமென்றால் அதே போன்ற இன்னொரு திருகாணியைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

சூடு

பழைய கம்மியர்கள் கழுத்தில் துணியைச் சுற்றி, அதன் மேல் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வேலை நன்றாகவே நடக்கும். ஆனால் அடுப்பு, கொதிக்கும் எண்ணெய், எண்ணெய் நனைந்த துணி மூன்றும் ஒரே மேசையில் இருப்பது வீட்டுக்கு ஏற்றதல்ல. கடலை எண்ணெயோ காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயோ இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அவை உலர்ந்து கெட்டியாகும் எண்ணெய்கள் அல்ல, மரத்துக்குள் போனால் பிறகு பூசும் எதுவும் பிடிக்காது.

நான் பரிந்துரைப்பது அகச்சிவப்பு விளக்கு. நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் குஞ்சுகளுக்கு வைக்கும் 250 வாட் புரூடர் பல்புகள் இரண்டு போதும். பீங்கான் ஹோல்டரில் மட்டுமே மாட்டுங்கள், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். கழுத்தின் இரு பக்கமும் அரையடித் தூரத்தில் நிறுத்தி, தலைப்பகுதியையும் கோம்ப்பையும் சமையலறை அலுமினியத் தாளால் மூடி, கழுத்தை மட்டும் திறந்துவிடுங்கள். கழுத்தில் ஆளிவிதை எண்ணெயை விரலால் மிக மெல்லியதாகத் தடவினால் மேல்பரப்பு கருகாமல் இருக்கும். எண்ணெய்ப் பூச்சுள்ள கட்டைகள் இந்தச் சூட்டைத் தாங்கும். பாலியூரித்தேன் பூச்சு கொப்பளிக்கும் அல்லது வெளுக்கும், ஆகவே அப்படிப்பட்ட கட்டைக்குக் கழுத்தின் பூச்சை முன்கூட்டியே நீக்கிவிட்டுப் பிறகு மறுபடி பூசத் தயாராக இருங்கள்.

வெப்பத்தைப் பார்க்கத் தொழிற்சாலைகளில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இங்கே உதவாது, அதன் அளவு இவ்வளவு சூட்டுக்குப் போகாது. மேல்பரப்பு 120 பாகை செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் விளக்கைத் தள்ளிவையுங்கள். மேல்பரப்பு சூடேறுவது சுலபம், ஒன்றரை அங்குலப் பருமனுள்ள மரத்தின் நடு சூடேறத்தான் நேரமாகும். நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் இளகினால்தான் மரம் வளையும், அது இளக நடுமரமும் கொதிநீரின் சூட்டை நெருங்க வேண்டும். இதற்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது திறந்த திண்ணையில் செய்தால் ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிருமாக இருக்கும். கதவைச் சாத்திய அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். பாதி வளைந்த நிலையில் விளக்கு அணைவது நல்லதல்ல. சித்திரை வெயிலில் மரம் மிகவும் வறண்டிருக்கும், ஐப்பசி மழைக்குப் பிறகு சற்று ஈரப்பதம் ஏறியிருக்கும் நாட்களில் அது இன்னும் இசைந்து கொடுக்கும்.

வளைத்தல்

நேரம் போதுமானதாகிவிட்டதா என்பதைத் திருகாணியே சொல்லும். இரண்டு விரலால் அதைக் கட்டையில் பட வைத்து, கால் சுற்று திருகுங்கள். சூடு உள்ளே போகாத மரம் ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளும். இளகிய மரத்தில் முதலில் இறுக்கம் தெரியும், ஒரு நிமிடம் காத்திருந்தால் அந்த இறுக்கம் கரைந்து, திருகாணி தானாகவே தளர்ந்தது போலிருக்கும். அப்படிக் கரையவில்லை என்றால் திருகாணியை விட்டுவிட்டு இன்னும் கால்மணி நேரம் சூடேற்றுங்கள். மர வேலையில் பழுத்த ஒரு ஆசாரி இதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "அவசரப்பட்டு முறுக்குனீங்கன்னா கட்டை பேசிப்போடுமுங்க. பேசுன கட்டை அப்பறம் எதுக்கும் ஆகாதுங்க." அவர் பேச்சு என்றது நார் அறுபடும்போது வரும் சன்னமான 'டிக்' ஒலியை. அந்த ஒலி கேட்டால் உடனே திருகாணியைத் தளர்த்தி, ஆறவிட்டு, இழுபடும் பக்கத்தைச் சாராயத் துணியால் சோதியுங்கள்.

ஒரு நிமிடத்துக்குக் கால் சுற்று என்ற வேகத்தில் போனால் ஹீலில் இரண்டு நூல் நகர ஏறக்குறைய கால்மணி நேரமாகும். அவ்வளவு நேரமும் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மரம் ஓரளவு பின்வாங்கும் என்பதால் 6 மி.மீ. வேண்டுமென்றால் 7 மி.மீ.க்குச் சற்று மேலாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். பக்கச் சாய்வும் வேண்டுமென்றால் செங்குத்து வளைவு முடிந்ததும் அதே சூட்டில், ஹீலில் ஒரு நூலுக்கு மேற்படாமல், செய்துவிடலாம்.

அளவு வந்ததும் விளக்கை அணைத்து, எதையும் தளர்த்தாமல் மறுநாள் வரை அப்படியே விட்டுவிடுங்கள். ஈரத்துணி வைப்பதோ விசிறியைத் திருப்புவதோ கூடாது. மேல்பரப்பு முதலில் சுருங்கி வெடிப்பு விடும்.

எண்ணெய் துடைத்த துணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து அதுதான். திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் பனியன் வேஸ்ட் துணி துடைப்பதற்கு மிக நன்றாக இருக்கும், ஆனால் ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடி, சில மணி நேரத்தில் நெருப்பில்லாமலேயே தீப்பிடிக்கும். ஒவ்வொரு துணியையும் கொல்லையில் ஒற்றையாக விரித்து முழுவதும் உலரவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த இரும்பு வாளியில் அமிழ்த்திவிடுங்கள்.

தளர்த்திய பிறகு

மறுநாள் திருகாணியைத் தளர்த்தி அளவுகோலைப் பாருங்கள். பிறகு ஒரு வாரம் கட்டையைச் சாதாரண அறையில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முதல் நாளில் கொஞ்சமும், அடுத்த சில நாட்களில் இன்னும் கொஞ்சமும் பின்வாங்கி ஒரு நிலையில் நிற்கும். கடைக்கு எடுத்துப்போகும் முன், மூல போல்ட்டின் பருமனுள்ள நேரான இரும்புக் கம்பியைப் பின்புறத்திலிருந்து துளைக்குள் விட்டுப் பாருங்கள். அது தடங்காமல் தலை வரை வந்தால் நல்லது. துளைச் சுவரில் உரசினால், உரசும் இடத்தை மட்டும் வட்ட அரத்தால் சற்றே அகலப்படுத்தலாம். போல்ட்டின் தலை உட்காரும் படியைத் தொடக் கூடாது, அது சாய்ந்திருந்தால் ஒரு கோள வாஷர் போட்டுக்கொள்ளும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

அவர் பூட்டித் தந்ததும் மேசையில் தலைகீழாக வைத்து முதல் அளவுகளை மறுபடி எடுத்து, 16 கெஜத்தில் அட்டை இல்லாமல் சுட்டுப் பாருங்கள். ஹீலை உயர்த்திய பின் தோளில் பேடின் கீழ்நுனி மட்டும் குத்தினால் முகச்சாய்வு மாறியிருக்கிறது. பேடுக்கு அடியில் ஆப்பு வடிவ ஸ்பேசர் ஒன்றை வைத்தால் சரியாகிவிடும். சில மாதங்களில் வளைவு பாதியாகக் குறைந்திருந்தால் அதே முறையில் இன்னொரு முறை சூடேற்றலாம். மூன்றாவது முறை வேண்டியிருந்தால் அந்தக் கட்டையை விட்டுவிட்டு, உங்கள் அளவுகளைக் கொடுத்து வேறு கட்டை செய்யச் சொல்லுங்கள்.